ஆற்றுப்படையும் மிதிவண்டியும்: ஸ்பானிய மலைகள் முதல் உப்பனாறு வரை

தமிழில் ஆறு என்னும் சொல் இரு பொருள் தரும். ஓடும் நீரும் ஆறு. நடக்கும் வழியும் ஆறு. ஆற்றோரமாகவே பழங்காலத்து வழிகள் அமைந்தமையால் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் தங்கின என்று கருதுவதற்கு இடமுண்டு. வழி கூறுதலையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர்கள் தமிழர். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வரும் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் அவ்வழியில் உள்ள நன்மை தீமைகளையும் எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவதே அவ்வகையின் அடிப்படை. பயணம் செய்தவன் தன் பெருமையைப் பேசுவதில்லை. பின்னால் வருபவனுக்கு வழி சொல்கிறான். உலகப் பயண இலக்கியங்களிடையே ஆற்றுப்படைக்கு உள்ள தனிச்சிறப்பு இதுவே எனலாம்.

அவற்றுள் மலையும் ஆறும் சேர்ந்த நிலப்பகுதியைப் பாடுவது மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அவ்வூரே இன்றைய செங்கம் என்பர். நவிரமலையும் சேயாறும் இப்பாட்டில் இடம்பெறுகின்றன. கூத்தர் குழுவுக்கு வழி கூறுபவன், காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண் கற்கள், கால் வழுக்கும் பாறைகள் ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறான். எங்கே உணவு கிடைக்கும், எங்கே இரவு தங்கலாம் என்றும் கூறுகிறான். இன்றைய பயணக் கையேடு ஒன்றில் எதிர்பார்க்கப்படுவன யாவும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இம்மரபில் உள்ளன.

செங்கத்திற்கு அருகே சாத்தனூரில் தென்பெண்ணைக்கு அணை கட்டப்பட்டுள்ளது. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, தென்பெண்ணை கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆக, மலைபடுகடாம் பாடிய மலைநாட்டின் பக்கத்திலிருந்து வரும் நீர்தான் கடலூர்க் கரையில் முடிகிறது. மலையிலிருந்து கடல் வரை ஒரே வழியாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் காலப்போக்கில் மறைந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஐரோப்பாவில் தோன்றிய ஒரு சிறு பொறி அப்பழக்கத்தை வேறொரு வடிவில் மீட்டுத் தந்தது. அப்பொறியே மிதிவண்டி.

ஈருருளியின் பிறப்பு

1817ஆம் ஆண்டு ஜெர்மனியில் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர ஊர்தி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. கால்களால் தரையை உந்தியே செல்ல வேண்டும். 1860களில் பாரிசு நகரில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை இணைக்கப்பட்டது. பின்னர் வந்தது முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் மிகச் சிறியதுமாக அமைந்த உயரச் சக்கர வண்டி. அதிலிருந்து விழுந்தோர் பலர். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாகவும், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுப்பதாகவும் அமைந்த 'ரோவர்' வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடலூர்த் தெருக்களில் ஓடும் வண்டிக்கும் அவ்விரண்டு ஆண்டுகளின் வண்டிக்கும் அடிப்படையில் பெரிய வேற்றுமை இல்லை.

காற்றடைத்த டயர் வந்தவுடன் நெடும்பயணம் எளிதாயிற்று. அதற்கும் முன்பே, உயரச் சக்கர வண்டியிலேயே உலகைச் சுற்றப் புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ் 1886இல் வட இந்தியாவின் பெருவழியில் லாகூரிலிருந்து கல்கத்தா நோக்கிச் சென்றார். ஆயினும் ஸ்பானிய மலைகளையும் தமிழ்நாட்டையும் ஒரே வாழ்க்கையில் மிதிவண்டியால் இணைத்தவர்கள் வேறு இருவர்.

வொர்க்மன் தம்பதியர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மனும் அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் 1890களில் ஐரோப்பாவில் வாழ்ந்தனர். கணவர் மருத்துவர்; உடல்நலம் குன்றித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். 1895இல் இருவரும் மிதிவண்டியில் ஸ்பெயின் நாட்டைச் சுற்றினர். ஏறத்தாழ 2,800 மைல் தொலைவு; நாளொன்றுக்குச் சராசரி 45 மைல்; சில நாட்களில் 80 மைல் வரை. ஒவ்வொருவரும் சுமந்த சுமை சுமார் 20 பவுண்டு மட்டுமே. ஃபேனிக்கு அப்போது வயது 36. பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது ஒழுக்கத்திற்கு ஏற்றதா, உடலுக்கு நல்லதா என்று மேல்நாட்டு மருத்துவர்களும் சமயவாதிகளும் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. நீண்ட பாவாடை உடுத்தி, அவர் ஸ்பானிய மலைச்சாலைகளில் வண்டி ஓட்டினார்.

ஸ்பெயின் என்றதும் கடற்கரை நகரங்களே பலர் நினைவுக்கு வரும். உண்மையில் அந்நாடு ஐரோப்பாவின் மலைநாடுகளுள் ஒன்று. நடுவே உயர்ந்த மேட்டுநிலம். அதனைச் சுற்றியும் குறுக்கேயும் மலைத்தொடர்கள். அவற்றினிடையே எப்ரோ, டூரோ, டாகஸ், குவாதல்கிவிர் போன்ற ஆறுகள். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்ல மலைக் கணவாய் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு நடத்தல், இறங்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுதல் என்பதே அக்காலப் பயணம். வேகத்தைப் பல நிலைகளில் மாற்றும் பற்சக்கரங்கள் அன்று பரவலாக இல்லை. வொர்க்மன் தம்பதியர் இப்பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1897இல் வெளிவந்தது.

அதே 1897இன் இறுதியில் அவர்கள் கீழை நாடுகளுக்கு வந்தனர். இலங்கை, சாவகம், பர்மா, இந்தியா எனச் சுற்றினர். இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரை ஏறத்தாழ 14,000 மைல் மிதிவண்டிப் பயணம். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின்னில் அடைத்த இறைச்சி, தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள், மருந்துப் பெட்டி, வண்டி பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே உடைமைகள். ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்ட நேர்ந்ததும் உண்டு. முள்ளும் கருவேலமும் நிறைந்த தமிழ்நாட்டுச் சாலைகளை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. இரயில் பாதையை ஒட்டியே பெரும்பாலும் சென்று, தங்க இடம் கிடைக்காதபோது நிலையங்களின் காத்திருப்பு அறைகளில் படுத்துறங்கினர். 1904இல் வெளிவந்த அவர்களது இந்தியப் பயண நூல், கோயில்களையும் பழங்கட்டடங்களையும் விரிவாகப் பேசுகிறது. இராமாயணம், மகாபாரதம், சாதகக் கதைகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

இந்நூலின் சிறப்பும் குறையும் ஒருங்கே நோக்கத்தக்கன. கல்லை அவர்கள் கூர்ந்து கண்டனர். கல்லைச் சுற்றி வாழ்ந்த மக்களை அவ்வளவாகக் காணவில்லை. அக்காலத்துக் குடியேற்ற ஆட்சியின் மனப்பாங்கு அவர்களது பார்வையிலும் படிந்திருந்தது. மிதிவண்டியின் வேகம் மனிதர் முகத்தைப் பார்க்கவும் பேச்சைக் கேட்கவும் இடந்தருவது. இரயில் பெட்டியிலிருந்தோ மோட்டார் வண்டியிலிருந்தோ கிடைக்காத வாய்ப்பு அது. வாய்ப்பு இருந்தும் பார்வை இல்லையெனில் பயணம் பாதியாகவே முடிகிறது. பின்னாளில் ஃபேனி இமயமலைச் சிகரங்களில் ஏறிப் புகழ்பெற்றதும், 1912இல் சியாச்சன் பனிப்பகுதியில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை ஏந்தி நின்று படமெடுத்துக்கொண்டதும் வரலாறு. பெண்ணுரிமையை அத்துணைத் தெளிவாக உணர்ந்தவர், தாம் கடந்து சென்ற சாலையோரங்களில் தலைச்சுமையோடு நடந்த பெண்களைப் பற்றி அதே தெளிவோடு எழுதவில்லை.

இந்தியர்களும் பின்தங்கிவிடவில்லை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் சுமார் 44,000 மைல் கடந்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர். வங்காளத்தைச் சேர்ந்த பிமல் முகர்ஜி 1926இலும், இராம்நாத் பிஸ்வாஸ் 1931இலும் இவ்வாறே புறப்பட்டவர்கள்.

தமிழ் மண்ணில் மிதிவண்டி

தமிழ்நாட்டில் மிதிவண்டியின் வரலாறு வேறு வழியில் சென்றது. இங்கு அது உலாவுக்கான பொருளாகப் பெரிதும் வளரவில்லை. உழைப்புக்கான கருவியாக வளர்ந்தது. தொடக்கத்தில் வெள்ளை அதிகாரிகளும், வழக்கறிஞர்களும், ஆசிரியர்களும் வைத்திருந்த இறக்குமதி வண்டி, விடுதலைக்குப் பின் எளியோர் கைக்கு வந்தது. 1949இல் இங்கிலாந்து நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. ஹெர்குலிஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு வீட்டுப் பெயர்போல் ஆயிற்று. திருமணச் சீர்வரிசையில் மிதிவண்டி இடம்பெற்ற காலமும் இருந்தது.

மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி தரும் கடைகள் சிற்றூர்கள் தோறும் தோன்றின. எண் எழுதிய மட்கார்டு, கடைக்காரரின் நோட்டுப் புத்தகம், கையில் கட்டாத கடிகாரத்தைக் கேட்டுக் கேட்டு ஓட்டும் சிறுவர்கள் ஆகியவை ஒரு தலைமுறையின் பொது நினைவுகள். கால் எட்டாத சிறுவன் கம்பியின் ஊடே காலை விட்டு மிதிப்பதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். அப்பெயரிலேயே 2024இல் திரைப்படமும் வந்தது. விளக்கில்லாமல் ஓட்டினாலும் இருவராகச் சென்றாலும் காவலர் பிடிப்பார் என்ற அச்சமும், உள்ளாட்சிக்கு வரி கட்டி வண்டியில் பொருத்திய உலோக வில்லையும் அக்கால வாழ்வின் பகுதிகள்.

கடலூர்ப் பகுதியில் மிதிவண்டியின் பின்கேரியர் ஒரு தனி வரலாறுடையது. துறைமுகப் பகுதியிலிருந்து மீன்கூடையைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு விரைந்தோர், பண்ணுருட்டிப் பலாவையும் முந்திரியையும் ஏற்றி வந்தோர், பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டோர், கைப்பிடியில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குச் சென்றோர் ஆகிய அனைவருக்கும் இவ்வண்டியே துணை. சங்க காலத்தில் உமணரின் உப்பு வண்டிகள் கடற்கரையிலிருந்து உள்நாடு சென்ற அதே திசையில், இருபதாம் நூற்றாண்டில் மிதிவண்டிகள் சென்றன. உமணரைப் பாடப் புலவர் இருந்தனர். மிதிவண்டியில் மீன் விற்றவரைப் பாடியோர் மிகச் சிலரே.

ஒரு பாட்டின் ஆற்றல்

அக்குறையை ஓரளவு நீக்கிய நிகழ்ச்சி புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். காரணம் எளியது. கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்களுக்கும் கற்க வரும் பெண்களுக்கும் போக்குவரத்து இல்லை. பேருந்துக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்க வேண்டும். வயல் தொழிலாளர், கல்லுடைக்கும் தொழிலாளர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல திறத்துப் பெண்கள் ஓட்டக் கற்றனர். தொடக்கத்தில் கேலியும் ஏளனமும் மிகுதி. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியிலேயே ஏறி ஓட்டினர். சிலர் அக்கம்பியின்மேல் குழந்தையை அமர்த்திக்கொண்டனர். பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டனர்.

1992 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று, கைப்பிடியில் கொடி கட்டிய சுமார் 1,500 பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் தம் திறனைக் காட்டியதாகச் செய்தியாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். இவ்வியக்கத்திற்கு உயிரூட்டியது ஒரு பாட்டு. முத்துபாஸ்கரன் எழுதிய அப்பாட்டு, தங்கையை விளித்து மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்கிறது. ஏடுகளில் இடம்பெறும் முன்பே அது வாய்களில் இடம்பெற்றது.

கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்க செய்தி இது. ஒரு பெண்ணை நோக்கி, இவ்வழி செல், இவ்வழி உனக்கும் உரியது என்று கூறுவது ஆற்றுப்படையின் இலக்கணமே அன்றோ? அரசனிடம் பரிசில் பெற வழி சொன்ன பழைய மரபு, தன் காலில் நிற்க வழி சொல்லும் புதிய மரபாக மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேனி வொர்க்மன் தமிழ்நாட்டில் மிதிவண்டி ஓட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, தமிழ்நாட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலைக்கு வந்தனர். இடைப்பட்ட காலத்தில் பொறி மாறவில்லை. வழி சொல்வோர் தோன்றியதே மாற்றம். 2001 முதல் தமிழக அரசு பள்ளி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் பிற மாணவர்க்கும் அத்திட்டத்தை விரிவாக்கியது, இவ்வழியின் அடுத்த மைல்கல்.

இரு ஆறுகள்

ஸ்பெயினுக்கு மீள்வோம். வொர்க்மன் தம்பதியர் சென்ற நாட்டில் இன்று மிதிவண்டிப் பயணம் கிராமப்புறங்களுக்குப் புத்துயிர் அளித்து வருகிறது. 1993 முதல் அந்நாட்டில் கைவிடப்பட்ட இரயில் தடங்கள், பசுமை வழிகள் என்ற பெயரில் நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் உரிய பாதைகளாக மாற்றப்பட்டு வருகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது தெற்கே ஆந்தலூசிய மலைப்பகுதியில் ஒல்வேரா, புவெர்த்தோ செர்ரானோ என்னும் இரு ஊர்களை இணைக்கும் 36 கிலோமீட்டர் பாதை. 1920களில் அங்கு இரயில் பாதை அமைக்கத் தொடங்கினர். மலையைக் குடைந்தனர், பாலங்கள் கட்டினர், நிலையங்களும் எழுந்தன. உள்நாட்டுப் போரும் பொருள் முடையும் குறுக்கிட, ஒரு வண்டிகூட ஓடாமலே பணி நின்றது. பல பத்தாண்டுகள் வீணாய்க் கிடந்த அத்தடத்தில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. 30 குகைவழிகள், 4 உயர்பாலங்கள், கீழே மலையாறு, மேலே ஸஃப்ராமகோன் என்னும் பெரும்பாறையில் கூடு கட்டி வாழும் கழுகினப் பறவைகள். பயணியே காணாத நிலையங்கள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. இளைஞர் வெளியேறிக்கொண்டிருந்த மலையூர்களுக்கு இதனால் சிறிது வருவாயும் வந்தது.

இதனினும் கருதத்தக்கது அதே ஆந்தலூசியாவில் ஓடும் குவாதியமார் ஆற்றின் கதை. சியர்ரா மொரேனா மலையில் தோன்றி, தோன்யானா என்னும் உலகப் புகழ்பெற்ற சதுப்புநிலம் நோக்கிச் செல்வது அவ்வாறு. 1998 ஏப்ரல் 25ஆம் நாள், அஸ்னால்கோயார் என்ற இடத்திலிருந்த கனிமச் சுரங்கத்தின் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்தது. கன உலோகங்கள் கலந்த அமிலச் சேறு பல இலட்சம் கன மீட்டர் அளவில் ஆற்றில் பாய்ந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலம் நச்சுச் சேற்றால் மூடப்பட்டது. மீன்கள் டன் கணக்கில் மடிந்தன. வயல்கள் பாழாயின. பின்னர் நடந்தது என்ன? சேற்றையும் அதன் கீழிருந்த மண்ணையும் அள்ளிப் பழைய சுரங்கக் குழியில் கொட்டினர். பாதிக்கப்பட்ட நிலங்களை மாநில அரசு உழவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அங்கு வேளாண்மையைத் தடை செய்தது. மண்ணைச் சீர்திருத்தி நாட்டு மரங்களை நட்டது. மலைக்கும் சதுப்புநிலத்துக்கும் இடையே விலங்குகளும் பறவைகளும் சென்றுவர ஒரு பசுமை வழியாக அதை வளர்த்து, 2003இல் பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சியாக அறிவித்தது. இன்று நச்சுச் சேறு பாய்ந்த அதே கரையில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் செல்கின்றனர். மண்ணில் உலோகத்தின் எச்சம் முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் ஆறு மக்கள் கண்ணிலிருந்து மறைக்கப்படவில்லை. வழியாக மீண்டும் திறந்துவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வாழ்வோர் அயலார் கதையாகக் கொள்ள இயலாது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் 1980களின் முற்பாதியில் கடலூர் சிதம்பரம் நெடுஞ்சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் இத்தொழிற்பேட்டையை அமைத்தது. இரசாயனம், மருந்து, சாயம் முதலிய தொழிற்சாலைகள் எழுந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, பச்சையாங்குப்பம், சங்கொலிக்குப்பம் எனச் சுற்றிலும் சிற்றூர்கள். நெல்லும் மணிலாவும் விளைந்த நிலம். உப்பனாற்றில் மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த மக்கள். தொழிற்பேட்டை பல குடும்பங்களுக்குச் சோறிட்டது என்பது உண்மை. ஆற்று நீரும் காற்றும் நிலத்தடி நீரும் கெட்டன என்பதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் கூறுவது வரலாறாகாது.

குவாதியமார்க் கரை உடைந்த அதே 1998இல், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் இப்பகுதி மக்களின் குறைகளைக் கேட்டு அறிக்கை அளித்தது. 2004இல் அபாயக் கழிவுகள் பற்றிய உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு இங்கு வந்து பார்வையிட்டது. அதே ஆண்டு, சிற்றூர் மக்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றனர். எளிய வாளி ஒன்றில் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வகை நாற்றம் வந்தது என்று குறித்து வைத்தனர். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோசு, நெயில் பாலிஷ் என அவரவர் அறிந்த பொருள்களின் பெயரால் நாற்றங்களுக்குப் பெயரிட்டனர்.

அக்குறிப்பேடுகளை இலக்கியக் கண்கொண்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பாம்பு உறையும் இடம் இது, கால் வழுக்கும் பாறை அது என்று மலைபடுகடாம் கூத்தன் சொன்னதுபோல், மூச்சடைக்கும் இடம் இது, நீரில் இறங்கலாகாத துறை அது என்று இச்சிற்றூர் மக்கள் எழுதி வைத்தனர். அவர்கள் அதனை இலக்கியம் என்று கருதவில்லை. கருதவேண்டிய கட்டாயமும் இல்லை. எனினும் பின்னால் வருவோர்க்கு வழியின் தீமையை எடுத்துரைக்கும் பழந்தமிழ் மரபு, உப்பனாற்றங்கரையில் எழுத்தறிவு குறைந்தோர் கைகளாலும் தொடர்ந்தது என்பது வரலாற்றுச் செய்தி. வொர்க்மன் தம்பதியர் எழுதாத பக்கம் அது.

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஃபேனி வொர்க்மன் ஸ்பெயினில் ஒரு நாளில் கடந்த சராசரித் தொலைவில் இது பாதியைவிட மிகுதி. கெடிலக்கரைத் திருப்பாதிரிப்புலியூரில் தொடங்கினால், அது புதுமைப்பித்தன் 1906இல் பிறந்த ஊர். கெடிலத்தின் கழிமுகத்தைத் தாண்டிச் சென்றால் துறைமுகப் பகுதி. பின்னர் தொழிற்பேட்டையின் வாயில்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர்; வெள்ளாற்றுப் பாலம்; அதன்பின் தில்லை. இடப்புறம் சிறிது விலகினால் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை. 1830களில் அங்கு ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் நிறுவிய இரும்பாலை இயங்கியது. சேலத்து இரும்புத் தாதும் காட்டு மரத்துக் கரியும் அதற்கு உணவு. மலையின் வளத்தை ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்து உருக்கிய தொழில் இப்பகுதிக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று. அதற்கும் தெற்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு. குவாதியமார் ஆற்றுக்கு ஒரு தோன்யானா இருப்பதுபோல், இவ்வாறுகளுக்கு ஒரு பிச்சாவரம் இருக்கிறது.

ஸ்பெயினின் மலைப்பாதைபோல் உப்பனாற்றங்கரையில் மிதிவண்டிப் பாதை அமைப்பது அரசும் தொழில்துறையும் மக்களும் சேர்ந்து செய்யவேண்டிய பணி. அதற்கு முதலில் ஆறு தூய்மையாக வேண்டும். குவாதியமாரில் நிகழ்ந்தது எளிதில் நிகழவில்லை, பெரும்பொருள் செலவாயிற்று, நிலத்தை விட்டு உழவர் விலக நேர்ந்தது. ஆயினும் கெட்ட ஆறு கெட்டதாகவே இருக்கவேண்டும் என்பது விதியல்ல என்பதை அது காட்டிற்று.

இலக்கிய வட்டத்தின் பணி வேறு. தமிழில் ஆற்றங்கரைப் பயண நூல்கள் இல்லாமற் போகவில்லை. 1971இல் சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' அத்துறையில் நிலைபெற்ற நூல். காவிரிக்குக் கிடைத்த எழுத்து, கெடிலத்துக்கும் பரவனாற்றுக்கும் உப்பனாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் அந்த அளவில் கிடைக்கவில்லை. ஷிப்டு முடிந்து விடியற்காலையில் மிதிவண்டியில் வீடு திரும்பும் தொழிலாளி நாள்தோறும் இச்சாலையைக் காண்கிறார். எந்த வளைவில் காற்று மாறுகிறது, எந்தப் பாலத்தடியில் இப்போதும் கொக்குகள் வருகின்றன, எந்தத் துறையில் வலை வீசுவது நின்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரே இப்பகுதியின் ஆற்றுப்படைக்கு உரிய கூத்தர், அவரே பாணர்.

தொழிற்பேட்டையின் நிழலில் தோன்றி, பத்தாண்டுகள் கூடிப் பேசியும் பாடியும் வந்துள்ள வட்டத்தின் உறுப்பினர்களுக்கு இதைவிட அண்மையான பாடுபொருள் வேறில்லை. பாடுவோர், நன்மையும் தீமையும் ஒருங்கே சொல்லும் பழைய முறையை மறவாதிருத்தல் வேண்டும். தொழிலையும் சொல்லவேண்டும்; ஆற்றையும் சொல்லவேண்டும். மீன்கூடை கட்டிய கேரியரையும், தங்கைக்கு ஓட்டக் கற்றுத்தந்த பாட்டையும், வாளியில் காற்றைப் பிடித்த கைகளையும் சொல்லவேண்டும். கேட்போர் நாளைக்கு இதே சாலையில் மிதிவண்டியில் வரப்போகும் பிள்ளைகள். எந்தத் துறையில் இறங்கலாம், எதில் இறங்கலாகாது என்று அவர்களுக்குச் சொல்வதற்கேனும் அப்பாட்டு எழுதப்படவேண்டும்.